கொல்லிமலைக்கு எத்தனை பல்?

இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது சார். கடைசி இட்லியை ஏழு ஐம்பதுக்கு முடித்தீர்கள் என்றால் ஒன்பது ஐம்பதுக்குத்தான் இரண்டாவது ரத்தம் எடுக்கலாம். பத்து நிமிடம் முந்தினாலும் சர்க்கரை அளவு மாறிவிடும். அடுத்த வீடு அழகாபுரத்தில். போய்விட்டுத் திரும்பி வர நேரம் போதாது. இப்படி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். காபி வேண்டாம் சார், பழக்கமில்லை.

அது உங்கள் சைக்கிளா? உள்ளே வரும்போதே பார்த்தேன். டயரில் அந்த ரப்பர் முடிகூட இன்னும் உதிரவில்லை. என் கையைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்? ஆமாம் சார், மணிக்கட்டுக்கு மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. கையுறை போட்டு வெயிலில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். நானும் ஓட்டுகிறவன்தான்.

பின்னால் எத்தனை பல் போடட்டும் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறாரா? நாளைக்குள் சொல்ல வேண்டுமா? சரியான ஆளிடம்தான் கேட்டீர்கள். இந்தச் சேலத்தில் இந்த விஷயத்தில் என்னளவுக்கு அடிபட்டவன் வேறு யாரும் இல்லை.

இங்கே பாருங்கள். பின்சக்கரத்தின் நடுவில் அடுக்கடுக்காகத் தட்டுகள். மொத்தமாகக் கேசட் என்பார்கள். சின்னத் தட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான், பதினோரு பல். பெரிய தட்டில்தான் சண்டையே. இருபத்தைந்து பல்லா, முப்பத்துநாலு பல்லா? ஞாயிற்றுக்கிழமை ஓமலூர் சாலையில் பத்துப் பேர் வரிசையாகப் போகிறீர்கள். முன்னால் இருப்பவர் சக்கரத்துக்கும் உங்கள் சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அந்த நேரத்தில் கியர் மாற்றினால் கால் திடுக்கென்று இலேசாகிவிடக் கூடாது. தட்டுக்குத் தட்டு ஒரு பல், இரண்டு பல்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். அதற்கு இருபத்தைந்துதான் நல்லது. நான் மறைக்க மாட்டேன். மலை என்றால் முப்பத்துநாலு. முன்னால் மிதியோடு இருக்கிற சின்னத் தட்டிலும் முப்பத்துநாலு, பின்னால் பெரிய தட்டிலும் முப்பத்துநாலு. மிதியை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்காமல், யாரையும் கேட்காமல் மேலே போய்விடலாம். வேகம் இருக்காது. மரியாதை இருக்கும். இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நான் கோபக்காரன் இல்லை சார். லேபில் விசாரித்துப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால்கூட என்னைத்தான் அனுப்புவார்கள். குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. ஆனால் ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான், சொல்லுங்கள்.

விடியல் சக்கரம் என்று ஒரு குழு. பன்னிரண்டு பேர். கேப்டன், தினகர் அண்ணன். கடைவீதியில் பாத்திரக்கடை. வயது நாற்பத்தாறு. கல்யாண அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கி லாரியில் வைப்பார். தொடை ஒவ்வொன்றும் உரல் மாதிரி இருக்கும். இருபத்தைந்து பல்லோடு ஏற்காடு மலையை நின்றுகொண்டே ஏறுவார். அவர் இருபத்தைந்து வைத்திருந்தார், அதனால் எல்லாரும் இருபத்தைந்து. ரெஹானா அக்கா பல் டாக்டர், அவரும் இருபத்தைந்து.

நான் புதிதாகச் சேர்ந்தேன். முப்பத்துநாலு பல் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். தினகர் அண்ணன் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வாங்க எல்லாரும். எழிலு என்னமோ கொண்டாந்திருக்கான் பாருங்க. ஏண்டா, பின்னாடி என்னடா தோசக்கல்லக் கட்டிட்டு வந்திருக்க?"

"மலைக்குங்ணா" என்றேன்.

"மலைக்கா! அப்பச் சரி. மேல போயி ஆளுக்கு ரெண்டு ஊத்திக் குடுத்துரு. சட்னிய ரெஹானா பாத்துக்கும்."

சிரித்தார்கள். ரெஹானா அக்காகூடச் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் தோசைக்கல். எழிலரசன் என்று வீட்டில் வைத்த பெயர் சார். வாட்ஸ்அப் குழுவில் "தோசைக்கல் வந்தாச்சா?", "தோசைக்கல் காஞ்சிருச்சா?" இதோடு விட்டாரா? தீபாவளிக்கு வீடு தேடி வந்து ஒரு நிஜத் தோசைக்கல்லைக் கொடுத்துவிட்டுப் போனார். கனமான இரும்புக் கல். "அம்மாட்டக் குடுறா, நம்ம கடையிலயே நல்ல கல்லு" என்றார். அம்மா வாங்கிக்கொண்டார். தோசை ஒட்டாமல் வருகிறதாம். தினமும் காலையில் என் அவமானத்தை என் தட்டிலேயே வைக்கிறார், நானும் நான்கு சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

பொங்கல் முடிந்த ஞாயிறு கொல்லிமலை. வருடத்துக்கு ஒரு முறை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். எழுபதாவது வளைவில் எல்லாரும் நின்று ஒரு படம். அந்தப் படம் வருடம் முழுக்கக் குழுவின் முகப்பில் இருக்கும். அந்தப் படத்தில் இருந்தால்தான் நீங்கள் குழுவில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் சும்மா கூட வருகிறீர்கள், அவ்வளவுதான்.

அதற்கு முந்தின வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். முப்பத்துநாலைக் கழற்றிவிட்டு இருபத்தைந்தை மாட்டினேன். யாரும் மாட்டச் சொல்லவில்லை. மாட்டாதே என்றும் யாரும் சொல்லவில்லையே சார்? ஒருவர், ஒரே ஒருவர், "தம்பி, உனக்கு எது சரியோ அதைப் போடு" என்று சொல்லியிருக்கலாம். தினகர் அண்ணன் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அடப்பாவி, தோசக்கல்ல ஏண்டா கழட்டுன? மலைக்கு அதுதானடா லாயக்கு?" என்றார். எவ்வளவு குத்தல் பாருங்கள். கழற்றிய பிறகும் விடவில்லை.

முப்பது வளைவு வரை தாக்குப்பிடித்தேன். நாற்பத்துமூன்றாவது வளைவில் மிதி அப்படியே நின்றுவிட்டது. மிதிக்கிறேன், இறங்க மாட்டேன் என்கிறது. சாய்ந்தேன். இறங்கி நடந்தேன். அந்தச் சைக்கிள் ஷூவைப் போட்டு நடந்திருக்கிறீர்களா? அடியில் கட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கும், மிதியில் மாட்டிக்கொள்வதற்கு. அதோடு மலைச்சாலையில் நடந்தால் டக் டக் என்று சத்தம் வரும். குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

ஐம்பத்திரண்டாவது வளைவில் மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்தார். தினகர் அண்ணன். எழுபதைத் தொட்டுவிட்டு, பதினெட்டு வளைவு கீழே இறங்கி வந்திருக்கிறார். எதற்கு? நான் நடப்பதைப் பார்க்க. வேறெதற்கு சார் ஒருவர் ஏறிய மலையை இறங்குவார்?

"ஷூவக் கழட்டிட்டு நடடா, குதிகால் போயிரும்" என்றார். நான் காலுறை போட்டிருக்கவில்லை, தன் காலுறையைக் கழற்றிக் கொடுத்தார். வியர்வையில் நனைந்த காலுறை. அதை நான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். போட்டுக்கொண்டேன், தார் சுட்டது. அப்படியே போய்விட்டாரா என்றால் அதுவும் இல்லை. என் பக்கத்திலேயே, நான் நடக்கும் வேகத்துக்கு, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பதினெட்டு வளைவு. வாய் ஓயவில்லை. கடைக்கு வருகிற பெண்கள் குக்கரை எப்படித் தட்டிப் பார்ப்பார்கள், அவர் முதல் தடவை இங்கே வந்து எந்த வளைவில் வாந்தி எடுத்தார், எல்லாக் கதையும். என்னை ஒரு நிமிடம் தனியாக அழ விடவில்லை சார்.

மேலே போனோம். படம் எடுத்து முடித்துவிட்டார்கள். பனி மூடிக்கொண்டு வந்ததாம், அதனால் சட்டென்று எடுத்துவிட்டார்களாம். குழுவில் ஏற்றியும் விட்டார்கள். கீழே எழுதியிருந்தது: "எல்லாரும் ஏறியாச்சு." எல்லாரும்! எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேர்.

என்ன சார்? பன்னிரண்டில் பத்து என்றால் இன்னொருவர் யார் என்கிறீர்களா? அவர்தான். அவர் எப்படி இருப்பார், என்னோடு அல்லவா வந்துகொண்டிருந்தார்? அதுதான் என் கேள்வியே. கேப்டன் மேலேயே இருந்திருந்தால், "இருங்கப்பா, எழிலு வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார் இல்லையா? இல்லாமல் போனது யார் தப்பு?

அவர் போனைப் பார்த்துச் சிரித்தார். "விட்றா. நம்ம ரெண்டு பேரும் தனியா ஒண்ணு எடுத்துக்குவோம் வா" என்றார். தனியாக. கடைசியாக வந்தவனுக்குத் தனிப் படம். "வேண்டாங்ணா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் அந்தப் படம் வரும். அதில் நான் இருப்பேன். அவர் இருக்கக் கூடாது.

ஒரு வருடம் சார். முப்பத்துநாலை மறுபடி மாட்டினேன். யாருக்கும் சொல்லாமல் புதன், வெள்ளி இரண்டு நாளும் ஏற்காடு ஏறினேன். ஞாயிறு குழுவோடு போகும்போது மட்டும் இருபத்தைந்து. இரண்டு கேசட்டையும் மாற்றி மாற்றி மாட்டி, விரல் நகமெல்லாம் கிரீஸ். சின்னச் சின்னதாக, நிற்காமல் மிதிக்கக் கற்றுக்கொண்டேன். எல்லாரும் தோசைக்கல் என்று கூப்பிட்டார்கள். சிரித்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

டிசம்பரில் அவர் லேபுக்கு வந்தார். கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறதாம், மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறாராம், வீட்டம்மா விரட்டி அனுப்பினாராம். நான்தான் எடுத்தேன். நான்தான் ரிப்போர்ட் அடித்தேன். இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது, அது எங்கள் தொழில் தர்மம். உங்களிடம் என்பதால் சொல்கிறேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பதின்மூன்றுக்கு மேல் இருக்க வேண்டியவருக்கு எட்டு புள்ளி நாலு. அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதே பெரிய விஷயம். உங்கள் முகம் ஏன் சார் அப்படிப் போகிறது? உங்கள் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு உயிரிடமும் மூச்சு விட மாட்டேன்.

உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை.

"நீயே பாத்துட்ட. என்னடா போட்டிருக்கு, நல்லாருக்கா?"

"டாக்டர்கிட்டக் காட்டுங்கண்ணா" என்றேன். அதுதான் விதி. நாங்கள் எதுவும் சொல்லக் கூடாது. விதியை நான் மீறவே இல்லை.

"பொங்க யாவாரம் முடியட்டும், போய்க்கறேன். மலைக்கு ஒண்ணும் பிரச்சன இல்லியே?"

கேட்டாரா? கேட்டார். நான் உறையைப் பார்த்தேன். அவர் தொடையைப் பார்த்தேன்.

"உங்க காலுக்கு என்னங்ணா" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம். தோளில் தட்டினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தானாக வந்தது சார், நான் தேடிப் போகவில்லை. "அண்ணா, உங்களுக்கு இருபத்தஞ்சே ஜாஸ்தி. இருபத்திமூணு போடுங்க. சேலத்துலயே அதோட கொல்லிமலை ஏறுன ஆளு இல்ல" என்றேன். இருபத்துமூன்று என்றால் மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று. கல்லைக் கட்டிக்கொண்டு ஏறுவது மாதிரி.

"அப்படிங்கற?" என்றார்.

"நீங்க ஏறலன்னா வேற யாருங்ணா ஏறுவா?"

மறுநாளே மாட்டிவிட்டார். குழுவில் படமும் போட்டார். "எழிலு குடுத்த ஐடியா" என்று எழுதினார். எல்லாரும் கை தட்டினார்கள். தோசைக்கல் என்று எழுதவில்லை, எழிலு என்று எழுதினார். அதை அன்றைக்கே கவனித்தேன். ஆனால் காரியம் பாதி நடந்துவிட்டது.

காரவள்ளியில் வண்டியிலிருந்து சைக்கிள்களை இறக்கும்போது என் பின்சக்கரத்தைப் பார்த்தார். முப்பத்துநாலு. "தோசக்கல்லு திரும்பி வந்துருச்சுடா!" என்று கத்தினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என்னவோ காணாமல் போன சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. உதடு வெளுத்திருந்தது. ரெஹானா அக்கா, "அண்ணே, உடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். "யாவாரத்துல தூக்கமில்ல" என்றார். நான் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

முன்னால் எல்லாரும் பறந்தார்கள். நான் அவசரப்படவில்லை. உட்கார்ந்தபடி சின்னச் சின்னதாக மிதித்தேன். இருபதாவது வளைவில் இரண்டு பேரைத் தாண்டினேன். முப்பதில் ரெஹானா அக்காவை. நாற்பத்தொன்றாவது வளைவு திரும்புகிறேன், கைப்பிடிச் சுவரில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சைக்கிள் சாலையில் கிடக்கிறது. அவர்தான். முகம் காகிதம் மாதிரி இருந்தது.

"எழிலு, கொஞ்சம் தண்ணி இருக்காடா?"

என் பாட்டிலில் தண்ணீர் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏற்றத்தில் நின்றால் மறுபடி ஏறி மிதிப்பது எவ்வளவு சிரமம் என்று ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். தாளம் போய்விடும். ஒரு வருடத் தாளம் சார்.

"மேல போட்டோவுக்கு வந்துருங்கண்ணா" என்றேன். தாண்டிப் போய்விட்டேன். பின்னால் ஏதோ சொன்னார். காற்றில் கேட்கவில்லை.

முன்னால் போயிருந்தவர்களையும் ஒவ்வொருவராகத் தாண்டி, எழுபதாவது வளைவில் நான்தான் முதல். எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். வரட்டும், மற்ற பத்துப் பேர் வரட்டும், சட்டென்று எடுத்து ஏற்றிவிடலாம் என்று. பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. யாருமே வரவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். அறுபத்தாறாவது வளைவு வரை வந்த இரண்டு பேர் போனில் பேசியபடி திரும்பி இறங்கினார்கள். அவ்வளவு தூரம் ஏறிவிட்டு, நாலே வளைவு பாக்கி இருக்கும்போது! இப்படியும் முட்டாள்கள் இருப்பார்களா?

அப்புறம் தெரிந்தது. ரெஹானா அக்கா அவரை மடியில் கிடத்திக்கொண்டு எல்லாருக்கும் போன் செய்திருக்கிறார், எனக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லையாம். ஒரு வாழைக்காய் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, ஏற்றி, நாமக்கல் ஆஸ்பத்திரி. பத்துப் பேரும் பின்னாலேயே. வயிற்றுக்குள் புண்ணாம். மூட்டு வலி மாத்திரையால் வந்ததாம். மாதக்கணக்காக உள்ளே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஆள் பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார் சார், அப்படிப் பார்க்காதீர்கள்.

படமா? எடுத்தேனே. ஒரு ஜீப் டிரைவர் எடுத்துக் கொடுத்தார். எழுபது என்ற பலகைக்குக் கீழே நான். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. குழுவில் ஏற்றினேன். ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. முகப்பிலும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. தினகர் அண்ணன், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து. கிண்டல் செய்கிறாராம்.

டாக்டர் அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டு எவன்யா உன்ன மலையேறச் சொன்னான்?" என்று கேட்டிருக்கிறார். ரெஹானா அக்கா சொல்லித்தான் தெரியும். இவர், "நான்தாங்க உறையவே பிரிக்கல" என்று சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவே இல்லை. டாக்டரிடமும் இல்லை, வீட்டம்மாவிடமும் இல்லை, குழுவில் ஒருவரிடமும் இல்லை. ஏன் எடுக்கவில்லை? எடுத்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், முந்தின வருடத்துக் கதையையெல்லாம் அவிழ்த்திருப்பேன், நாலு பேருக்கு நியாயம் தெரிந்திருக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை. ஆழமான மனிதர்.

நான்கு வாரம் கழித்து லேபுக்கு வந்தார். ஆள் பாதியாக இருந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்களோடு வேலை செய்கிற பெண் வித்யா ஊசியோடு வந்தாள். "நீ இரும்மா. எழிலு எடுக்கட்டும்" என்றார்.

போனேன். பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏண்டா எழிலு, போன தடவ ரிப்போர்ட்டு, நீ பாத்துட்டுத்தான் குடுத்தியா?"

நான் பொய் சொல்ல மாட்டேன் சார். "ஆமாங்ணா" என்றேன்.

 திட்டுவார் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். தலையை ஆட்டினார். "சரி, எடு" என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார்.

ரப்பர் பட்டையைக் கட்டினேன். விரலை மடக்கச் சொன்னேன், மடக்கினார். முதல் குத்து. ரத்தம் வரவில்லை. இடம் மாற்றி இரண்டாவது. வரவில்லை. இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் இரண்டாவது குத்து நான் போட்டதில்லை.

"கை நடுங்குதுடா" என்றார். அவர் கையைத்தான் சொல்லியிருப்பார்.

இடது கையில் மூன்றாவது. ஊசி உள்ளே இருக்கிறது, குழாய் காலி. வித்யா வந்து என் விரல்களைப் பிரித்து ஊசியை வாங்கிக்கொண்டாள். அவள் போட்டது ஒரே குத்து. குழாய் நிரம்பிவிட்டது. அவளுக்கு உடனே கொடுத்துவிட்டார் பாருங்கள். என்னிடம் மட்டும் நரம்பை ஒளித்து வைத்திருந்திருக்கிறார் சார். அவ்வளவு வன்மம் அந்த மனிதருக்கு.